எடை முந்தி வந்த பூனை

ஈயம் காணாமல் போன மறுநாள் காலையில் அதன் எடை மட்டும் கடைக்குத் திரும்பி வந்தது. நான் வாசல் தெளித்து, ஷட்டரைத் தூக்கிவிட்டு, தராசுக்குப் பக்கத்தில் கிடக்கிற முக்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம், வழக்கம்போல முன்னங்கால் இரண்டின் கனம் முதலில் என் தொடையில் விழுந்தது, அப்புறம் பின்னங்கால்களின் கனம், அப்புறம் ஒரு சுற்றுச் சுற்றி இடம் பார்த்துவிட்டு முழுக்கனமும் மடியில் பொத்தென்று படுத்துக்கொண்டது. குனிந்து பார்த்தேன். சேலையில் பள்ளம் இருந்தது. பள்ளத்தில் பூனை இல்லை.

ஈயம் என்பது என் பூனை. ஈய நிறம், அதனால் அந்தப் பெயர். வைகைக் கரையோரம் பழைய இரும்புக் கடைகள் வரிசையாக நிற்கிற எங்கள் சந்தில் என் கடையும் ஒன்று. ஆற்று மணலில் ஆணி பொறுக்கி, சாக்கைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாகக் கூவி, ஏமாந்து, ஏமாந்த இடத்திலேயே கற்றுக்கொண்டு, அடிக்க வந்தவனைத் திருப்பி அடித்து நான் பிடித்த கடை அது. அந்தக் கடைக்குள் என்னோடு விலை பேசாமல் நுழைந்த ஒரே சீவன் ஈயம்தான். ஒரு மழைக்கு ஒதுங்க வந்தது, மழை விட்டும் போகவில்லை.

அது காணாமல் போனது உருக்காலைக்குச் சரக்கேற்றிய அன்று. தரகன் தவசியாண்டி லாரியோடு வந்திருந்தான். துருவுக்கும் மண்ணுக்கும் அவன் கழிக்கச் சொன்ன கழிவைக் கேட்டு எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் நடுச்சந்தில் நின்று அவன் வம்சத்தை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஓட்டை வாஷிங் மெஷின் ஒன்றின் உருளைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த ஈயத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். சாயங்காலம் அதற்கு வைத்த மத்தி மீன் தலை தீண்டுவாரில்லாமல் கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. டிரைவருக்குப் போன் போட்டால், ரிங் ரோட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது சாம்பலாக என்னமோ ஒன்று குதித்து ஓடியது என்றான். அன்று ராத்திரி ரிங் ரோடு பூராவும் நடந்து தேடினேன், கிடைக்கவில்லை.

மறுநாள்தான் எடை வந்தது. எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கள் சந்தில் கனத்தில் ஒரு மாறுதல் தெரிந்தால் எவரும் பேய் என்று நினைக்க மாட்டார்கள், காந்தம் என்றுதான் நினைப்பார்கள். தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டுகிறவன், மூட்டைக்குள் கல் சொருகுகிறவன், சாக்கை நனைத்துக் கொண்டுவருகிறவன் என்று எல்லாக் களவையும் பார்த்து வளர்ந்த கண்கள் எங்களுடையவை. எதிர்க்கடை ஹபீப் பாய்தான் விளையாட்டுக்கு முக்காலிக்கு அடியில் காந்தத்தை ஒட்டி, என் இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தை இழுக்கிறார் என்று நானாக முடிவுகட்டிக் கத்தினேன்.

“ஓய் பாய்! வெளிய வாரும். காலங்காத்தால என்கிட்டயா ஒம்ம வெளையாட்டு?”

செம்புக் கம்பி உரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். “என்னா ஒச்சம்மா, இன்னும் போணியே ஆகல, அதுக்குள்ள ஏலம் போடுற?”

நான் மடியைக் காட்டினேன். அவர் நிதானமாகத் தன் கடைக்குப் போய், பித்தளையோடு இரும்பு கலந்திருக்கிறதா என்று சோதிக்கிற பெரிய லாடக் காந்தத்தை எடுத்துவந்து, என் மடிக்கு மேலே இப்படியும் அப்படியும் நகர்த்தினார். அது ஒட்டவில்லை. “இரும்பு இல்ல” என்றார். காந்தத்தைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

“மூச்சு ஓடுதும்மா. ஈயந்தேன்.”

“ஈயம்னா கண்ணுக்குத் தெரியணும்ல?”

“இதுக்கு ஏம்மா மண்டையப் போட்டு ஒடைக்கிற? லோடு எல்லாம் ஒரே நடையிலயா வந்து சேருது? பாதி முந்தி வரும், பாதி பிந்தி வரும். எடை வந்துருச்சு. மிச்சம் பின்னால வரும்.”

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு விளக்கம் எங்கள் சந்துக்குத் தேவைப்படவில்லை. ஒச்சம்மா பூனைக்கு எடை முந்தி வந்துவிட்டது, பூனை பின்னால் வருகிறது என்று டீக்கடை வரைக்கும் சொல்லப்பட்டது, டீக்கடையிலிருந்து பாலத்துக்கும், பாலத்திலிருந்து அக்கரைக்கும் போனது. அக்கரையிலிருந்து ஆட்கள் வந்து என் மடியில் கைவைத்துப் பார்த்து, “ஆமா, நல்லாக் கனமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று வீட்டில் கிடந்த ஓட்டைக் குடத்தையும் எடைக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்று பழமொழி சொல்லி என்னைக் கிண்டல் செய்யாதவர் அந்த வட்டாரத்தில் இல்லை. சொன்னவர்கள் எல்லோரையும் நான் திட்டினேன், திட்டு வாங்கியவர்கள் மறுநாள் மீனோடு வந்தார்கள். எடைக்கு மீன் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் எழுந்தால் அது இறங்கிவிடும். கடைக்குள்தான் எங்கேயோ இருக்கும், அட்டைப் பெட்டி மீது போனால் பெட்டி அமுங்கும், சாக்கு மீது போனால் சாக்கு குழியும். மறுபடி உட்கார்ந்தால் மறுபடி வந்து ஏறும். கடையை விட்டு வெளியே மட்டும் அது வருவதில்லை. என் முட்டி ஏற்கெனவே தேய்ந்தது. ஓயாமல் மடியில் ஏறி இறங்கினால் என்ன ஆகும்? நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, வேப்பிலையும் உடுக்கையுமாக ஓர் ஆள் வந்து, இதெல்லாம் தனக்குத் தூசு, ஒரு எலுமிச்சம்பழத்தில் இறக்கிவைத்துவிடுகிறேன் என்றான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுப்படி வரைக்கும் அவனை விரட்டினேன். இறக்கிவைத்துவிட்டால் பூனை எதைத் தேடி வரும்?

தினமும் கடை திறந்ததும் முக்காலியைத் தூக்கி எடைமேடை மேல் வைத்து அதில் உட்காருவேன். சிவப்பு எண்கள் முதலில் என் எடையைக் காட்டிவிட்டு ஒரு கணம் நிற்கும், அப்புறம் அது ஏறிப் படுத்ததும் மூன்றரைக் கிலோ கூடும். என் தராசைப் பற்றி ஊரில் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள், எனக்கு என்று நிறுக்கும்போது அது பொய் சொன்னதில்லை. மூன்றரை இருந்தது மூன்றே காலாயிற்று. மூன்றே கால் மூன்றாயிற்று. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, எங்கேயோ ஓரிடத்தில் ஈயம் சாப்பிடாமல் கிடக்கிறது என்று. மீனை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தேன். மீன்தான் நாறியது, எடை ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தவசியாண்டி வந்து, ரகசியம் பேசுகிறவன் மாதிரி காதுப்பக்கம் குனிந்தான்.

“யக்கா, நான் ஒண்ணு சொல்றேன், திட்டாமக் கேளுங்க. இந்த எடைய ரெண்டு பேரும் சேர்ந்து பழக்குவோம். மில்லுல சரக்கப் போடும்போது மூட்டை மேல போயி ஒக்காரச் சொல்லுவோம். எவன் கண்ணுக்கும் தெரியாது. எந்தக் காந்தத்துலயும் மாட்டாது. சாமி குடுத்த எடை இது, யக்கா!”

துடைப்பம் கைக்கு எட்டவில்லை, வாய் எட்டியது.

“ஏண்டா, வயித்துக்கில்லாம அது நாளுக்கு நாள் கொறைஞ்சுக்கிட்டு வருது, நீ அதத் தூக்கித் தராசுல வைக்கப் பாக்குறியா? ஒன் லாரில ஏறித்தானடா அது தொலைஞ்சுச்சு! கழிவு கழிவுன்னு கேப்பியே, மனுசன்ல கழிவுடா நீ!”

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. திரும்பிப் போனான். போனவன் அன்றிலிருந்து உருக்காலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரிங் ரோட்டில் லாரியை நத்தை மாதிரி ஓட்டச் சொல்லி, கிளீனர் இருக்கையிலிருந்து தலையை வெளியே நீட்டி, “ஈயம்! ஈயம்!” என்று கூவிக்கொண்டே போனான் என்றும், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற வண்டி என்று நினைத்துப் பெண்கள் பழைய பாத்திரங்களோடு ஓடிவந்தார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

டீக்கடை வீராயி ஒருநாள் மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில், இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மகன் மலேசியா போய் வெகுநாளாகப் போன் இல்லை. கையை மடியில் விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தாள்.

“என் மடியில ஒண்ணுமே வரலக்கா. அப்ப அவன் நல்லாத்தான் இருக்கானா, இல்ல என்னய மறந்துட்டானா?”

“வயசுப் பய மடியில ஒக்காருவானாடி, கூறுகெட்டவளே? ஊருக்குப் போறப்ப எங்க கையப் போட்டுக்கிட்டு நின்னான்? அங்க பாரு” என்றேன்.

அவள் வலது தோளைத் தொட்டாள். தொட்ட கை அங்கேயே நின்றது. “ஆமாக்கா” என்றாள் மெதுவாக. “இங்கன கனக்குது. நான் பானை தூக்குற வலின்னுல்ல நெனச்சேன்.”

அதற்கப்புறம் எங்கள் சந்தில் எல்லோரும் தங்கள் உடம்பைக் கொஞ்சம் விசாரித்துக்கொண்டார்கள். ஹபீப் பாய்க்கு முதுகில், பைக்கில் பின்னால் உட்கார்ந்து சாய்ந்துகொள்கிற ஒரு கனம் இருந்தது, அவர் வீட்டம்மா மவுத்தாகி ரொம்ப வருடமாகியும் அவர் பைக்கை மெதுவாகவே ஓட்டியதற்கு இப்போது காரணம் கிடைத்தது. லாரி கிளீனருக்குச் சுண்டுவிரலில் ஒரு பிடி இருந்தது, ஊரில் இருக்கிற அவன் மகளுக்கு இரண்டு வயது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கமாக லேசாகச் சாய்ந்து நடந்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இந்தச் சந்தில் தரை சரிவாக இருக்கிறதா என்று கேட்டார்கள்.

ஆனால் அவர்களுடைய கனமெல்லாம் அப்படியே இருந்தது. என்னுடையதுதான் குறைந்துகொண்டு வந்தது. இரண்டரைக்கு வந்தபோது நான் தராசில் உட்காருவதை நிறுத்திவிட்டேன். பார்க்கத் தைரியமில்லை.

அப்படியிருந்த ஒரு காலையில்தான் அந்த அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். என் வயதுதான் இருக்கும், காலில் ரப்பர் பூட்ஸ், புடவையெல்லாம் நாய்முடி. பெயர் அமலோற்பவம். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டம் நின்றுபோன ஒரு அரிசி ஆலையில் அடிபட்ட நாய், கைவிட்ட கழுதை, கண் தெரியாத ஆடு என்று சேர்த்துவைத்து ஒரு காப்பகம் நடத்துகிறவள். அந்தப் பக்கத்து ஜனங்கள் அதை நாய்மில்லு என்பார்கள், எங்கள் சந்துக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது. துருப்பிடித்த கூண்டுத் தகரம் கொஞ்சம், நசுங்கிய அலுமினியத் தட்டு கொஞ்சம், கூடவே ஒரு எலக்ட்ரானிக் தராசு, எல்லாம் எடைக்குப் போடக் கொண்டுவந்திருந்தாள்.

தராசைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. “இது ஓடுதா?”

“ஓடும்க்கா.”

“ஓடுற தராச எவளாச்சும் பழைய இரும்புக்குப் போடுவாளா? என்கிட்ட வேணாம்மா. என்ன பழுதுன்னு சொல்லு, பழுதுக்குத் தக்கன வெல.”

விலையை இறக்குவதற்காகக் கேட்ட கேள்வி அது. என் ஆயுளில் நான் கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான்.

“பழுதுன்னு சொல்லவும் முடியலக்கா. நாய ஏத்துனா காட்டுது. ஆட்ட ஏத்துனா காட்டுது. ஒரே ஒரு பூனையத்தான் காட்ட மாட்டேங்குது. எத்தன தடவ வச்சாலும் சைபர். எடை தெரியாம ஊசி போட முடியாது, தராசு கெட்டுப்போச்சு, மாத்துங்கன்னுட்டாரு டாக்டர். புதுசு வாங்குனேன். அதுலயும் சைபர்தான் காட்டுது. ஆனா ரெண்டு தராசுக்கு எடமில்ல பாருங்க.”

நான் உட்கார்ந்திருந்தேன். மடியில் படுத்திருந்தது காதை நிமிர்த்தியது மாதிரி ஒரு சின்ன அசைவு.

“என்ன கலரு?”

“ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்குல்ல, அந்தக் கலரு.”

“சாப்பிடுதா?”

“அதான்க்கா வருத்தம். கறி, மீனு, பாலுன்னு எல்லாம் வச்சாச்சு. மேல இருந்து பாக்குது, மூஞ்சியத் திருப்பிக்கிடுது.”

“மேலன்னா?”

அமலோற்பவம் வானத்தைக் கைகாட்டினாள். “எடையே இல்லையேக்கா, எப்பிடித் தரையில நிக்கும்? உத்தரத்துக்கிட்ட மெதந்துக்கிட்டு இருக்கு. பறந்து போயிறக் கூடாதுன்னு என் சேலையக் கிழிச்சு இடுப்புல கட்டி, பட்டம் மாதிரி சன்னல் கம்பியில முடிஞ்சு வச்சிருக்கேன்.”

நான் “பாய்!” என்று போட்ட கூச்சலில் சந்தே வந்துவிட்டது. வீராயி என் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள், அது நனைந்திருந்தது எனக்குத் தெரியாது. கடையை அவள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இறக்கிய தராசைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றி, ஹபீப் பாய் டிரைவரோடு ஒட்டி உட்கார, நானும் அமலோற்பவமும் பின்னால் ஏறினோம். ஏறி உட்கார்ந்தேன். மடி காலி. கடையை விட்டு வந்து பழக்கமில்லாத எடை, வாசல்படியிலேயே நின்றுவிட்டது. டிரைவர் என்ன ஏது என்று தெரியாமல் ஆட்டோவைக் கிளப்பினான், அந்தப் படபடப்புச் சத்தத்துக்கு மிரண்டுபோய் ஒரே தாவில் அது என் மடியில் வந்து விழுந்தது. நான் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். ஒரு படி அரிசியின் கனம்தான் இருந்தது.

ஆலை பெரியது, உயரமானது. உமி பறந்து போவதற்காகக் கூரையின் உச்சியில் விட்டிருந்த இடைவெளி வழியாக வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்துக்குக் கொஞ்சம் கீழே, மஞ்சள் துணியின் நுனியில், என் ஈயம் காற்றில் படுத்திருந்தது. வயிறு ஒட்டி, எலும்பு தெரிய, வால் கீழே தொங்க. கீழே கிடந்த நாய்களுக்கும் ஆடுகளுக்கும் அது பழகிப்போயிருந்தது, கழுதை ஒன்று தலையைத் தூக்கி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் புல்லைக் கடித்தது. ஆனால் நாங்கள் புது ஆட்கள். எங்களைப் பார்த்து எல்லா நாயும் சேர்ந்து குரைத்ததில் ஈயம் திடுக்கிட்டு உடம்பை முறுக்கியது, மெலிந்துபோன இடுப்பிலிருந்து முடிச்சு நழுவியது, துணி மட்டும் சுருண்டு சுருண்டு கீழே வந்தது.

“ஐயோ சேசுவே” என்றாள் அமலோற்பவம்.

ஈயம் மெதுவாக, அடுப்புப் புகை மாதிரி, உச்சியிலிருந்த அந்த இடைவெளியைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் வானம். ஏணி வைத்தாலும் எட்டாது, கழி வைத்தாலும் எட்டாது. நான் அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எடை வந்து மடியில் ஏறியது.

“பயந்துபோன சீவன்க்கா, பதமாக் கூப்பிடுங்க. கொஞ்சிக் கூப்பிடுங்க.”

கொஞ்சினேன். “வாடி தங்கம். வாடி என் கண்ணு. வாடி ராசாத்தி.” எனக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. ஈயம் குனிந்து பார்த்தது. யாரோ ஒரு பொம்பளை தரையில் உட்கார்ந்து என்னமோ சொல்கிறாள் என்கிற மாதிரி பார்த்தது. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் ஒரு முழம் மேலே போனது.

எனக்கு வந்ததே கோபம். எவ்வளவு பிடித்தும் நிற்கவில்லை.

“ஏய் ஈயம்! எங்கடி போற? எறங்குடி கீழ! ரிங் ரோடு பூராம் செருப்புத் தேய அலைய விட்டுட்டு, மகாராணிக்கு இப்ப மேல் மாடி கேக்குதா? மத்தித் தல வாங்கி வாங்கி என் கடையே நாறிப்போச்சு, இங்க கறியும் பாலும் வச்சா மூஞ்சியத் திருப்புவியா நீ? யாரு குடுத்த கொழுப்பு? ஒன் கனத்தச் சொமந்து சொமந்து என் முட்டி ரெண்டும் போச்சுடி! நான் என்ன ஒனக்குக் கூலியாளா? வந்து ஒஞ் சாமான எடுத்துக்கடி! எடுத்துக்கிட்டு அப்புறம் எங்க வேணா போ, நாசமாப் போறவளே!”

நாய்கள் எல்லாம் குரைப்பதை நிறுத்திவிட்டன. ஈயத்தின் இரண்டு காதுகளும் என் பக்கம் திரும்பின. அப்புறம் தலை திரும்பியது. அப்புறம், கிணற்றில் நீந்துகிற மாதிரி நாலு காலாலும் காற்றைத் துழாவிக்கொண்டு, வாயைத் திறந்து பதிலுக்குப் பதில் என்னைத் திட்டிக்கொண்டே அது இறங்கி வந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது நின்றுவிடும் என்று பயம். மூச்சு வாங்க வாங்க, அதன் முன்னோரையும் என் முன்னோரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே இருந்தேன். உத்தரத்தைத் தாண்டி, சன்னலைத் தாண்டி, ஹபீப் பாய் தொப்பியைத் தாண்டி வந்து, மடிக்கு ஒரு சாண் மேலே நின்று, சேலையில் இருந்த பள்ளத்தை முகர்ந்து பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பள்ளத்துக்குள் இறங்கியது. விளிம்புக்கு விளிம்பு சரியாக இருந்தது.

தன் கனம் தன்மேல் வந்து சேர்ந்ததில் அது ஒரு கணம் பதறிப்போய்ப் பத்து நகத்தையும் என் தொடையில் இறக்கியது. ஆகா, அந்த வலி! இன்னும் கொஞ்சம் இறக்கு தாயே என்று இருந்தது எனக்கு.

ஹபீப் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமலோற்பவம் ஒரு தட்டில் மீன் கொண்டுவந்து வைத்தாள். நான் ஈயத்தைப் பார்த்து, “என்னடி பாக்குற, தின்னு!” என்று அதட்டினேன். தின்றது. முள்ளையும் விடாமல் தின்றது. தின்றபிறகு டாக்டர் வந்து அமலோற்பவத்தின் பழைய தராசிலேயே அதை வைத்தார், சிவப்பு எண்கள் ஓடி நின்றன, அதைப் பார்த்து ஊசி போட்டார். தராசில் ஒரு பழுதும் இல்லையே, நான் எதற்கு மாற்றச் சொன்னேன் என்று அமலோற்பவத்தைக் கேட்டார். அவள் சிரித்தாள்.

வாங்கினால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் வாங்க வேண்டும், இதுதான் நான் கற்ற பாடம். இவளோ, யாருடையது என்று தெரியாத ஒரு பூனைக்காகத் தன் சேலையைக் கிழித்து, தினமும் அண்ணாந்து பார்த்து, பறந்துவிடாமல் பிடித்துவைத்திருக்கிறாள். இதற்கு எந்தத் தராசில் எதை வைப்பது? “என்ன வேணும்னு கேளும்மா” என்றேன். அவள், “நல்லபடியா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா, அது போதும்” என்றாள். போதும் என்று சொல்கிற ஆளிடம் எனக்குப் பேரம் பேசத் தெரியாது.

அதனால் கேட்காமலே செய்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்தே அங்கே போயிற்று. தவசியாண்டி தன் லாரி நிறையக் கம்பியும் தகரமும் கொண்டுவந்தான், கழிவு என்ற பேச்சே எடுக்கவில்லை. ஹபீப் பாய் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூண்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். கிளீனர் கூரையேறி அந்த உச்சி இடைவெளிக்கு வலை அடித்தான், இனி எது மிதந்தாலும் ஆலைக்குள்ளேயே மிதக்கட்டும் என்று. வீராயி ஒரு பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினாள், தோளில் இருந்த கனத்தோடு. மலேசியாவிலிருந்து இன்னும் போன் வரவில்லை. ஆனால் அந்தக் கனம் ஒரு குன்றிமணியும் குறையவில்லை என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள், எங்கேயோ நேரத்துக்குச் சாப்பிடுகிறான் என்று.

வேலை முடிந்து கை கழுவும்போது அமலோற்பவம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கோவிச்சுக்குவேன். கேளு.”

அவள் என்னை ஆலையின் கடைசி மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே செம்மண் நிறத்தில் ஒரு கிழட்டு நாய், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது. வந்த நாளிலிருந்து அப்படித்தானாம். யார் வந்தாலும் திரும்புவதில்லை, ஊட்டினால் மட்டும் கொஞ்சம் நக்கும். வாழைப்பழம் மாதிரி மெதுவான குரலில் செல்லம், பட்டு, குட்டி என்று எல்லோரும் அழைத்துப் பார்த்தாயிற்று.

“அதுவும் சத்தமான ஒரு வீட்டுல இருந்த நாயோ என்னமோக்கா. எங்க யாருக்கும் திட்ட வரல.”

நான் அந்த நாயைப் பார்த்தேன். அதன் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அதன் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

“ஏண்டா டேய், சொவத்துல என்னடா சினிமாவா ஓடுது? பெரிய மனுசி வந்து ஒக்காந்திருக்கேன், புட்டத்தக் காட்டிக்கிட்டுப் படுத்திருக்க? எந்திரிடா, சோம்பேறிப் பயலே! கஞ்சி ஆறுது!”

நாயின் ஒரு காது விடைத்தது. வால் நுனி சிமெண்டுத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது, யோசித்தது, இன்னொரு தட்டுத் தட்டியது.

அமலோற்பவம் என் தோளைத் தொட்டாள்.

“இன்னும் கொஞ்சம் சத்தமாக்கா.”